சத்தமான இடங்கள்

அக்டோபர் 14, திங்கள்

இன்று மோட்சார்ட். ரசம் வைத்து அப்பளம் பொரிப்பதற்குள் முடிந்துவிட்டது.

யாராவது இதைப் படித்தால் எனக்கு மூளை குழம்பிவிட்டது என்பார்கள். ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் சமையல் இப்படித்தான் நடக்கிறது. இவர் தினமும் மாலை ஆறு மணிக்கு முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சிம்பொனி கேட்பார். ஒன்றே ஒன்று. ஒரே நாளில் இரண்டு கேட்டது கிடையாது. கேட்டதையே உடனே திரும்பக் கேட்டதும் கிடையாது. இளவயதில் மில் செலவில் மான்செஸ்டருக்குப் போய் நூற்பு படித்தவர், படிப்போடு பெட்டி நிறைய இசைத்தட்டும் கொண்டுவந்தார். அடுத்த வருடம் என்னைக் கொண்டுவந்தார். அந்தக் கணக்கில் இந்த வீட்டில் பீத்தோவன் எனக்கு மூத்தவர்.

கதவு சாத்தியிருக்கும்போது பாத்திரம் உருளக்கூடாது. குக்கர் விசில் அடிக்கக்கூடாது. தும்மல் வந்தால் கிணற்றடிக்குப் போய்த் தும்ம வேண்டும். நான் சங்கீதம் படித்தவள் இல்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றே எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. மோட்சார்ட் என்றால் ரசம். பிராம்ஸ் என்றால் குழம்பும் பொரியலும். புரூக்னர் என்றால் முறுக்குப் பிழிந்து, சுட்டு, ஆறவைத்து டப்பாவில் அடைத்துவிடலாம்.

இந்த டைரி மிளகாய் டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. இவர் அடுக்களைக்குள் வந்து நான் பார்த்ததே இல்லை.

அக்டோபர் 16, புதன்

மேகலாவிடம் பேசினேன். வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்பதாம் மாதம் தொடங்கிவிட்டதாம். கால் வீக்கம் இருக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை என்றாள். வீக்கத்துக்குப் பார்லித் தண்ணீர் குடிக்கச் சொன்னேன்.

மேகலா எங்கள் ஒரே மகள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். பையன் பெயர் தமிழரசு. கட்டட வரைபடம் போடுகிறான். நல்ல பையன்தான், ஆனால் எங்கள் ஆட்கள் இல்லை. அவ்வளவுதான் குற்றம். அன்று இரவு நான் மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டேன். அதிலிருந்து இடது காது மந்தம். போனை வலது காதில்தான் வைத்துக்கொள்கிறேன்.

அவள் ஈரோட்டில் இருக்கிறாள் என்பது என்னைத் தவிர இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், எல்லாம் இந்த சிம்பொனிகளின் தயவு. ஹாலில் ஒரு போன், முன்னறையில் இவர் மேஜைமேல் இன்னொரு போன். இரண்டுக்கும் ஒரே லைன். இங்கே எடுத்தாலும், எண்ணைப் போட்டாலும், வைத்தாலும் அங்கே 'டிங்' என்று ஒரு தட்டு தட்டும். எனவே அத்தனையும் சத்தமான இடத்தில் நடக்க வேண்டும். ஒவ்வொரு சிம்பொனியிலும் சத்தமான இடம் எங்கே வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று கற்றுக்கொண்டேன். இன்று சைக்கோவ்ஸ்கியின் ஆறாவது. அதன் மூன்றாம் பகுதி சாமி ஊர்வலம் மாதிரி ஒரே அமளி. எத்தனை டிங் அடித்தாலும் கேட்காது. ஆனால் நான்காம் பகுதி உயிர் போவது போல மெல்ல மெல்லத் தேய்ந்து போகும். அதற்குள் வைத்துவிட வேண்டும்.

வெளியே போய் பூத்திலிருந்து பேசலாமே என்றால், கோயிலுக்குக்கூட நான் தனியாகப் போவதில்லை. இவருடைய அண்ணன் மகன் சம்பத் வருவான், இல்லாவிட்டால் அவன் அம்மா வருவாள். அக்கறைதான்.

அக்டோபர் 19, சனி

ஷூபர்ட்டின் முடியாத சிம்பொனி. இரண்டே பகுதி. எழுதியவர் பாதியில் விட்டுவிட்டாராம். எனக்கு ஆகாது. முதலில் அடியில் ஏதோ உறுமும், நம்பி உட்கார்ந்தால் சட்டென்று நின்றுவிடும். போன் பண்ணவில்லை. வெங்காயம் உரித்தேன்.

அக்டோபர் 25, வெள்ளி

சம்பத் வந்தான். ஆறு மணிக்கு மேல் வந்தான், இவர் அவனை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். இசை ஓடும்போது அந்த அறைக்குள் இன்னொரு ஆள் போய் நான் பார்த்ததில்லை. மேகலா சின்னக் குழந்தையாக இருந்தபோது தவழ்ந்து போய்க் கதவைத் தட்டினதற்கே வீடு இரண்டுபட்டது.

உள்ளே ஹைடன் ஓடிக்கொண்டிருந்தார். அந்த சிம்பொனி எனக்கு நன்றாகவே தெரியும். இரண்டாம் பகுதி தூளி ஆட்டுவது போலப் போய்க்கொண்டே இருந்து, திடீரென்று ஒரு போடு போடும். புதுப்பெண்ணாக வந்த புதிதில் அதைக் கேட்டு டம்ளரை நழுவவிட்டேன். அந்தப் போட்டுக்குப் பிறகு வந்த அமைதியில் சம்பத்தின் குரல் கேட்டது.

"ஈரோட்டுலதானுங்க சித்தப்பா. நம்ம ஆளு ஒருத்தன் பஸ் ஸ்டேண்டுல பாத்திருக்கான். வூடுதான் எங்கன்னு தெரியல."

"அவசரப்படாத. வரும்."

ஈரோட்டில் பழைய தறிகள் விலைக்கு வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த விஷயமாகத்தான் இருக்கும்.

சம்பத் போகும்போது அடுக்களை வாசலில் நின்று, "காப்பி வேண்டாங்க சித்தி, நேரமாச்சு" என்றான். நான் காப்பி வேண்டுமா என்று கேட்கவே இல்லை.

அக்டோபர் 29, செவ்வாய்

பீத்தோவன் நான்காவது. நல்ல மழை. மேகலாவிடம் வேறு வீடு பார்க்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். மாடி ஏறி இறங்குவது பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது என்றேன்.

நவம்பர் 1, வெள்ளி

சி.டி. பிளேயர் வந்திருக்கிறது. பெரிய அட்டைப்பெட்டியில், தெர்மோகோல் நடுவே குழந்தையைப் படுக்கவைத்த மாதிரி. தீபாவளிக்குத் தனக்குத் தானே வாங்கிக்கொண்டாராம். எனக்கும் ஒரு புடவை உண்டு, அரக்குக் கலர். அரக்கு எனக்குப் பிடிக்காது என்று எத்தனை தீபாவளியாகச் சொல்கிறேன்!

இத்தனை நாள் தட்டைத் திருப்பிப் போட அவர் நடுவில் எழுந்திருப்பார். சில நாள் வெளியே வந்து தண்ணீர் கேட்பார். அந்த இடங்களும் எனக்கு அத்துப்படி. இனிமேல் அது கிடையாது.

"உக்காந்த எடத்துலருந்து எந்திரிக்கவே வேண்டியதில்ல. ஒரு மணி நேரமானாலும் அதும்பாட்டுக்கு ஓடும்," என்றார். முகத்தில் சின்னப் பையனின் சந்தோஷம். எனக்கும் சிரிப்பு வந்தது. நல்ல நேரங்களில் இவர் நல்லவர்தான்.

ராத்திரி மேகலாவின் படம் பார்க்க வேண்டும் போல இருந்தது, ஆல்பத்தை எடுத்தேன். கல்லூரியில் எடுத்த அந்தப் பெரிய படம், முகம் தெளிவாகத் தெரியுமே, அது இல்லை. பசை காய்ந்து எங்காவது விழுந்திருக்கும். பீரோவுக்கு அடியில் தேடினேன், கிடைக்கவில்லை.

நவம்பர் 4, திங்கள்

பிராம்ஸ் இரண்டாவது. புது சி.டி.

இந்த சிம்பொனியை நான் நம்பித்தான் இருந்தேன். முதல் பகுதியில் ஒரு பெரிய சத்தமான இடம் உண்டு, எல்லா வாத்தியமும் வெட்டி வெட்டி வாசிக்கும். அது மூன்று தடவை வரும். முதல் தடவையில் போனை எடுப்பேன். இரண்டாம் தடவையில் வைப்பேன். பேச்சு முடியவில்லை என்றால் மூன்றாவது இருக்கிறது. அதையும் விட்டால் கதை முடிந்தது, அப்புறம் ஊதுகுழல் ஒன்று தனியாக நீட்டி வாசிக்கும், எல்லாம் அடங்கிவிடும்.

மேகலா வீடு மாறிவிட்டாள். அதைச் சொல்லத் துடித்துக்கொண்டிருந்தாள்.

"கீழ் வூடும்மா. வாசல்ல வேப்பமரம். குழந்தைக்குத் தொட்டில் கட்ட உத்தரத்துல வளையம்கூட இருக்குது. ஹவுஸ் ஓனர் சுலோச்சனாக்கா நல்ல மாதிரி. இத்தன நாளும் நாம பேசினது அவங்க போன்லதான், அதே தெருதான், அதனால நம்பர் மாறல."

"எந்தப் பக்கம் கண்ணு? நான் மனசுலயாவது வந்து பாத்துட்டுப் போறேன்."

அவள் வழி சொன்னாள். மாரியம்மன் கோயில், அதைத் தாண்டி மாவு மில், மாவு மில்லை ஒட்டின சந்து, மூன்றாவது வீடு. நான் கண்ணை மூடிக்கொண்டு கூடவே நடந்தேன். இரண்டாவது சத்தம் வந்தது, போனது. இன்னொன்று இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். வலது காதில் மகள், இடது காதில் பாதிதான் இசை. திடீரென்று பார்த்தால் அந்தத் தனி ஊதுகுழல் நீட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது வரவே இல்லை.

வழி சொல்ல ஆரம்பித்தபோதே அவள் குரல் கொஞ்சம் சின்னதாகிவிட்டிருந்தது. மழையில் லைன் அப்படித்தான். "வெச்சர்றேன் கண்ணு" என்று சொல்லி மெல்ல வைத்தேன். அமைதியான இடம்தான். ஆனாலும் உள்ளே டிங் என்று அடிக்கவில்லை. அடித்திருந்தால் என் நல்ல காதுக்குக் கேட்டிருக்கும். மாரியம்மா, நீதான் காப்பாற்றினாய்.

நவம்பர் 5, செவ்வாய்

இன்று இசை இல்லை. ஆறு மணிக்கு இவர் முன்னறைக்குப் போகாமல் சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்தார். எனக்கு என்ன சமைப்பது என்றே புரியவில்லை, எந்த அளவில் சமைப்பது!

தோசை ஊற்றினேன். வழக்கத்தைவிட இரண்டு கூடச் சாப்பிட்டார். மல்லிகைப்பூ வாங்கி வந்திருந்தார். கடைசியாக எப்போது வாங்கி வந்தார் என்று நினைவில்லை.

"நேத்து அந்த பிராம்ஸ் எப்படி இருந்துச்சு?" என்றார்.

"எனக்கென்னங்க தெரியும்?"

"இந்தக் கண்டக்டர் முதல் பகுதியில முன்பாதியத் திருப்பி வாசிக்கறதில்ல. பழைய தட்டுல இருந்த ஆளு வாசிப்பான். இவன் நேரா மேல போயிருவான்." தோசையைப் பிட்டார். "உனக்கு அதெல்லாம் எங்க தெரியப்போகுது."

சிரித்தார். நானும் சிரித்தேன். பூவைத் தலையில் வைத்துக்கொண்டேன். தலை பாரமாக இருந்தது.

நவம்பர் 6, புதன்

இன்றும் இசை இல்லை. தோட்டத்துக்குக் காட்டுப்பன்றி வருகிறதாம். முன்னறையில் மாட்டியிருக்கும் துப்பாக்கியை எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்தார். வெள்ளைச் சட்டை தேய்த்து வைக்கச் சொன்னார். பன்றி விரட்ட வெள்ளைச் சட்டை எதற்கு என்று கேட்க வாய் வரை வந்தது. தேய்த்து வைத்தேன்.

வாயும் வயிறுமாக இருக்கிற பெண்ணை எந்த அப்பாவும் ஒன்றும் செய்ய மாட்டார். இதை இன்று பல தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன் பண்ணலாம் என்றால் சத்தத்துக்கு எங்கே போவது? பட்டாசு வெடிக்கும் பையன்களுக்குக்கூட இன்னும் பள்ளிக்கூடம் விடவில்லை.

நவம்பர் 7, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை இட்லி சாப்பிட்டதும், "இன்னைக்கு இப்பவே கேக்கப் போறேன். ஒம்பதாவது. கதவத் தட்டாத," என்றார். பீத்தோவன் ஒன்பதாவது. இந்த வீட்டில் இருப்பதிலேயே நீளமானவற்றில் ஒன்று. கடைசியில் ஆட்கள் வேறு சேர்ந்து பாடுவார்கள்.

எனக்கு உயிர் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், இரண்டு நாளாகப் பிடித்திருந்த பயம் அந்த நிமிடமே இறங்கிவிட்டது. இசை கேட்டால் இவர் உள்ளே இருக்கிறார். உள்ளே இருந்தால் வேறெங்கும் இல்லை. இத்தனை வருடத்தில் எனக்கு நிம்மதி என்று இருந்தது இந்தக் கதவு சாத்தியிருக்கும் நேரம் மட்டும்தான். சத்தமான இடங்கள் எத்தனையோ வந்தன. போனை எடுக்கவே தோன்றவில்லை. என்னத்துக்கு அவளைப் பயமுறுத்துவது? இவருக்குப் பிடிக்குமே என்று அரிசிம்பருப்பு சாதத்துக்குப் பூண்டு உரித்தேன். மூன்றாம் பகுதி மெதுவாக, அவ்வளவு அழகாகப் போகும். உரித்துக்கொண்டே கேட்டேன். அப்புறம் ஆட்கள் பாடினார்கள். எல்லாரும் ஓடுவது போல ஓடி முடித்தார்கள்.

கதவு திறக்கும் என்று தண்ணீர்ச் சொம்போடு நின்றேன்.

திறக்கவில்லை. கொஞ்ச நேர அமைதி. பிறகு, வாத்தியங்களுக்குச் சுதி பார்ப்பது போல ஒரு மெல்லிய நடுக்கம். ஒன்பதாவதின் ஆரம்பம். மறுபடியும் முதலிலிருந்து.

கேட்டதையே திரும்பக் கேட்கிற மனிதர் இல்லை இவர்.

தட்டினேன். பிறகு திறந்தேன். நாற்காலி காலி. தோட்டத்துப் பக்கக் கதவு சும்மா சாத்தியிருந்தது. சுவரில் துப்பாக்கி மாட்டும் ஆணி மட்டும் இருந்தது. மேஜைமேல் அந்தப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாள் முழுக்க நிற்காமல் ஓடும்படி எதையோ அழுத்திவிட்டுப் போயிருக்கிறார். ஒரு முழு சிம்பொனி நேரம் எனக்குக் காவல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அப்போதுதான் திங்கட்கிழமையும் புரிந்தது. இந்த போன் ஏன் டிங் என்று அடிக்கவில்லை? அது அவர் கையில் இருந்தது. மாரியம்மன் கோயில், மாவு மில், சந்து, மூன்றாவது வீடு. நான்தான் கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மாரியம்மா என்று கும்பிட்டேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவருடைய போனையே எடுத்தேன். ஹாலில் யாருமில்லாத இடத்தில் மற்ற போன் டிங் என்றது. அடிக்கட்டும். ஈரோடு போக ஜீப்பில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சுலோச்சனா எடுத்து, கூப்பிடுகிறேன் என்று போனார். இசையை நிறுத்த எனக்குத் தெரியவில்லை. அது பாட்டுக்கு முழங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா? என்னம்மா காத்தாலயே? அங்க என்ன இத்தன சத்தம்?"

"கண்ணு, உங்கப்பா வர்றார். சம்பத்தும் கூட இருப்பான். துப்பாக்கிய எடுத்துட்டுப் போயிருக்கார். இப்பவே வூட்ட வுட்டுக் கெளம்பு. மாப்பிள்ளையயும் வேலைக்குப் போன எடத்துலருந்து அப்படியே வரச் சொல்லு."

"அப்பா அந்த அளவுக்கெல்லாம் போவாராம்மா?"

"போவார். என் காத அடிச்சுக் கெடுத்தது அவர்தான். நான் படியில வுழுகல."

அவள் சுலோச்சனாவிடம் ஏதோ அவசரமாகச் சொல்வது கேட்டது. பிறகு, "இவங்க அண்ணன் ஒருத்தர் இருக்கறாரு, அங்க போறோம்மா, அது வந்து…"

"சொல்லாத!" கத்திவிட்டேன். "எங்கன்னு எங்கிட்டச் சொல்லவே சொல்லாத. எனக்குத் தெரிஞ்சா அவர் வாங்கிருவார். நான் தாங்க மாட்டேன் கண்ணு, சொல்லிருவேன். இனி போனும் பண்ணாத, கடுதாசியும் போடாத."

"குழந்த பொறந்தா?"

"அதயும் சொல்லாத."

அழுதுகொண்டே, "சாப்புட்டுக்கோங்கம்மா" என்றாள். என் மகள் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். நான் வைத்தேன்.

நவம்பர் 9, சனி

வியாழக்கிழமை பொழுது சாய்ந்துதான் வந்தார்கள். வெள்ளைச் சட்டையில் ஒரு கறையும் இல்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன். "வூடு பூட்டிக் கெடந்துச்சு," என்று சம்பத் யாரிடமோ போல என்னிடம் சொன்னான். அவன் கேட்காமலேயே காப்பி போட்டுக் கொடுத்தேன், சந்தோஷத்தில்.

அவன் போன பிறகு இவர் முன்னறைக் கதவைச் சாத்தினார். இந்த முறை நானும் உள்ளே இருந்தேன்.

"எங்க?" என்றார்.

"தெரியாதுங்க."

எத்தனை தடவை கேட்டார் என்று எழுதப் போவதில்லை. இடது கையால் எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருக்கும். இந்த மனிதரிடம் நான் சொன்ன பொய்களுக்கு அளவில்லை, ஒவ்வொன்றும் சொல்லும்போது தொண்டையில் நிற்கும். இது பொய்யில்லை என்பதால் எளிதாக வந்தது.

டிசம்பர் 3, செவ்வாய்

மறுபடியும் ஆறு மணிக்கு இசை ஆரம்பித்துவிட்டது. கதவை மட்டும் இப்போது சாத்துவதில்லை. நாற்காலியை ஹாலைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஹால் போனையும் கழற்றவில்லை. துடைத்துப் பளபளவென்று அதே இடத்தில் வைத்திருக்கிறார். என்றாவது ஒரு சத்தமான இடத்தில் நான் எடுப்பேன் என்று காத்திருக்கிறார். நேற்று என்னையும் எதிரில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். பிராம்ஸ் இரண்டாவது, பழைய தட்டு. மூன்று தடவையும் வந்தது. மூன்று தடவையும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கை மடியில் இருந்தது.

இந்நேரம் குழந்தை பிறந்திருக்கும். ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. யார் ஜாடை, என்ன பெயர், எதுவும் தெரியவில்லை. ஆனால் எனக்குத் தெரியாத வரைக்கும் அது பிழைத்திருக்கும்.